நாடா இருக்கிறது, டிரைவ் எங்கே?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் வெள்ளக்கடையில் காப்பிக்கும் மிளகுக்கும் பலாவுக்கும் யாரும் அலைய வேண்டியதில்லை. பழைய கம்ப்யூட்டர் டேப் டிரைவ் ஒன்று வேண்டுமென்றால்தான் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிச் சேலம் போய்ச் சேர்ந்து, அங்கே உள்ள கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டால், "டேப்பா? அது எதுக்கு சார் இப்ப, பென் டிரைவ் தரட்டுமா?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடையில் நிற்கும் பையன் பிறப்பதற்கு முன்பே பலவகை டிரைவ்கள் தயாரிப்பிலிருந்து போய்விட்டன.

ஆனால் நாடாக்கள் போகவில்லை. பழைய அலுவலகம், எஸ்டேட், பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே பீரோவைத் திறந்தாலும், "பேக்கப்" என்று பேனாவில் எழுதி ஒட்டிய கேசட் ஒன்றிரண்டு கிடைக்க வாய்ப்புண்டு. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தூக்கிப் போடவும் மனம் வராது. பழைய டேப் டிரைவ் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் டிரைவ் மேல் ஆசைப்பட்டவர்கள் அல்ல. கையில் இப்படி ஒரு நாடாவை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள்தான்.

இந்த முழிப்பு நிலா ஆராய்ச்சிக்காரர்களுக்கே வந்திருக்கிறது. அப்போலோ 11 பயணத்தில் நிலாவில் வைக்கப்பட்ட தூசி அளக்கும் கருவியை வடிவமைத்தவர் பிரையன் ஓ'பிரையன் என்ற ஆஸ்திரேலிய இயற்பியலாளர். அந்தக் கருவியும் அதன் வழிவந்தவையும் அனுப்பிய தரவை நாசா நாடாக்களில் வைத்திருந்து, பிறகு எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தொலைத்துவிட்டது. இது அவருக்கு 2006-ல்தான் தெரியவந்தது. நல்லவேளையாக, அவருடைய பிரதிகள் பெர்த் நகரில் பத்திரமாக இருந்தன: 173 நாடாக்கள். நாடா கிடைத்துவிட்டது, சரி. அதைப் படிக்கும் யந்திரம்? அது ஐபிஎம் 729 வகை டிரைவில் ஓட வேண்டியது. 1960-களின் சரக்கு, உயரம் ஒரு ஃபிரிட்ஜ் அளவு. தேடிப் பார்த்ததில் ஆஸ்திரேலியக் கணினி அருங்காட்சியகச் சங்கத்திடம் ஒன்று இருந்தது, அதுவும் நிறைய மராமத்து தேவைப்படும் நிலையில். ஓ'பிரையன் காத்துவைத்த அந்தத் தரவை வைத்துப் பிறகு 2013-ல் வெளியான ஆய்வு, நிலாவில் 1,000 ஆண்டுகளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தூசி படிகிறது என்று கணக்குச் சொன்னது.

இன்னொரு கதை இதைவிடச் சுவாரசியம். 1966, 1967-ல் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் எடுத்த நிலாப் படங்கள் ஏறத்தாழ 1,500 பெரிய நாடாக்களில் இருந்தன. அவற்றை ஓட்டும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 டிரைவ்கள் உலகத்திலேயே சொற்பம். நாசாவின் ஆவணப் பொறுப்பிலிருந்த நான்சி எவன்ஸ் என்ற பெண்மணி, அரசு கழித்துக்கட்டிய சில டிரைவ்களை விடாப்பிடியாக வாங்கித் தன் வீட்டு வளாகத்திலேயே இருபது ஆண்டுகள்போல வைத்திருந்தார். அந்த ராட்சதப் பெட்டிகளை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் என்னென்ன பேச்சு வாங்கினாரோ! 2007-க்குப் பிறகு டென்னிஸ் விங்கோ, கீத் கௌயிங் இருவரும் அவற்றை எடுத்துப்போய், நாசா வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் வைத்துப் பழுதுபார்த்தார்கள். ஒரு டிரைவின் உதிரிபாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போட்டு ஓட்டினார்கள். நிலாவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் 1966-ன் புகழ்பெற்ற படம், 2008 நவம்பரில் முன்னைவிடத் துல்லியமாக வெளிவந்தது.

இரண்டு கதையிலும் தட்டுப்பாடு டிரைவுக்குத்தான். நாடா என்பது பிளாஸ்டிக் பட்டை மேல் இரும்பு ஆக்ஸைடு பூச்சு. அசையும் பாகம் ஒன்றுமில்லை, அலமாரியில் கிடந்தால் கிடக்கும். டிரைவ் அப்படியில்லை. மோட்டார், பெல்ட், ரப்பர் உருளை, ஹெட், நூற்றுக்கணக்கான மின்தேக்கி என்று எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். அதோடு இடத்தை அடைத்துக்கொண்டு எடைக்குப் போட ஏதுவாகவும் நிற்கும். அதனால்தான் முதலில் காயலான் கடைக்குப் போவது டிரைவ்.

இந்தியாவில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடந்தது. 1960-களில் இங்கே வந்த ஐபிஎம் 1401 கணினிகளில் பல, வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து புதுப்பிக்கப்பட்டவை. அதையும் விற்காமல் வாடகைக்குக் கொடுத்தார்கள். ரயில்வே அலுவலகங்கள் உட்பட எத்தனையோ இடங்களில் அவை ஓடின. பழைய சாமானைத் தலையில் கட்டுகிறார்கள் என்று அப்போதே புகார் எழுந்தது. 1978-ல் ஐபிஎம் நாட்டைவிட்டு வெளியேறியதும், அதன் யந்திரங்களைப் பராமரிக்கும் வேலை சிஎம்சி என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில், ஒரு யந்திரத்தைப் பிரித்து இன்னொன்றை ஓட்டுவதுதான் நடைமுறை. சென்னை ஐஐடிக்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155 வந்து 1973-ல் இயங்கத் தொடங்கியபோது, அதைப் பயன்படுத்தப் பல ஊர்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். அந்தத் தலைமுறை யந்திரங்களின் டேப் டிரைவ் இன்று தமிழ்நாட்டுச் சந்தையில் விலைக்குக் கிடைக்கும் என்று நம்பித் தேடுவது வீண் வேலை. செம்பும் அலுமினியமுமாக அவை உருகிப் பல காலம் ஆயிற்று.

ஆக, தேடலை நாடாவிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் டிரைவை வாங்கிவிட்டுத் தலையில் கைவைப்பவர்கள்தான் அதிகம். கையில் இருப்பது அரை அங்குல அகல ஸ்பூல் என்றால், அது 7 தடமா 9 தடமா என்று முதலில் தெரிய வேண்டும். 1964-ல் ஐபிஎம் சிஸ்டம்/360 வந்த பிறகே 9 தடம் வழக்கமாயிற்று. 9 தட டிரைவ் 7 தட நாடாவைப் படிக்காது. அடுத்து அடர்த்தி. 9 தட நாடாவில் அங்குலத்துக்கு 800, 1600, 6250 பைட் என்று மூன்று. லேபிளில் பெரும்பாலும் எழுதியிருக்கும். 2,400 அடி நாடாவில் 1600 அடர்த்தியில் எழுதினால் கொள்வது சுமார் 40 எம்பி, அதாவது இன்றைய போனில் எடுக்கும் பத்துப் படம்.

ஸ்பூலைத் திருப்பி, பின்பக்க நடுத்துளையைச் சுற்றியுள்ள பள்ளத்தைப் பாருங்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தால் நாடாவில் எழுத முடியும். வளையம் இல்லாவிட்டால் படிக்க மட்டுமே முடியும். அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் வளையத்தைக் கழற்றி மேசை டிராயரில் போட்டு வைப்பார்கள். பழைய நாடாவை எந்த டிரைவில் மாட்டினாலும் முதல் வேலை இந்த வளையத்தைக் கழற்றுவதுதான். முன்பின் தெரியாத டிரைவ் ஒன்று தவறிப்போய் எழுதத் தொடங்கினால் எல்லாம் முடிந்தது.

சதுரமான, உள்ளங்கை அளவு கார்ட்ரிட்ஜ் என்றால் அது 1984-ல் வந்த ஐபிஎம் 3480 வகையாக இருக்கலாம். அடிப்பக்கம் கனமான உலோகத் தகடும் உள்ளே இரண்டு சக்கரமும் தெரிந்தால் அது கியூஐசி. 3எம் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்தது, பிறகு எண்பதுகளின் யூனிக்ஸ் யந்திரங்களில் பரவலாக ஓடியது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, பாட்டு கேசட்டின் தம்பி மாதிரி இருப்பது டிடிஎஸ். தொண்ணூறுகளில் சர்வர் வைத்திருந்த நடுத்தர அலுவலகங்களில் இதுதான் பேக்கப். ஒற்றைச் சக்கரத்தோடு கனமாக, "அல்ட்ரியம்" என்று முகப்பில் போட்டிருந்தால் எல்டிஓ, 2000-த்துக்குப் பிந்தையது.

இவற்றில் சுலபமாகக் கைக்கு எட்டுவது எல்டிஓதான். காரணம் எளிது: டேப் இன்னும் சாகவில்லை. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய ஜிமெயில் பெட்டிகள் காலியானபோது, கூகுள் அவற்றை மீட்டது நாடாவிலிருந்துதான். வங்கிகளும் சினிமா ஸ்டுடியோக்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் இன்றும் எல்டிஓ வாங்குகின்றன. 2021-ல் வந்த எல்டிஓ-9 ஒரு கேசட்டில் 18 டெராபைட் கொள்ளும். அவர்கள் புதுசுக்கு மாறும்போதெல்லாம் பழைய டிரைவ்கள் சந்தைக்கு இறங்குகின்றன. ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 7-ஆம் தலைமுறை வரை, ஒரு எல்டிஓ டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படிக்கும். எல்டிஓ-3 நாடா வைத்திருப்பவர் 3, 4, 5 ஆகிய மூன்றில் எதை வாங்கினாலும் வேலை நடக்கும். "இன்னும் புதுசு, நல்ல கண்டிஷன்" என்று 6-ஐக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 8, 9-ல் இந்தச் சலுகையும் குறைந்து, ஒரு தலைமுறை பின்னால் மட்டுமே.

தமிழ்நாட்டில் இதற்குப் போக வேண்டிய இடம் சென்னை ரிச்சி தெருதான். அண்ணா சாலையையொட்டி அந்தத் தெருவும் நரசிங்கபுரம் தெருவும் பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததைத்தான் எல்லோரும் ரிச்சி தெரு என்கிறோம். அங்கே முகப்புக் கடையில் "டேப் டிரைவ் இருக்கா அண்ணே?" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். மாடிப்படி ஏறி, பழைய சர்வர் வாங்கி விற்பவர்களிடம் மாடல் எண்ணோடு கேட்க வேண்டும். கம்பெனிகள் கழித்துவிட்ட சர்வர்களில் ஹார்ட் டிஸ்க்கை உடைத்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். டேப் டிரைவை யாரும் உடைப்பதில்லை. அது ரேக்கிலேயே திருகப்பட்டபடி, விலை போகாத சாமானாக மூலையில் இருக்கும். வியாபாரிக்கும் அதன் அருமை தெரியாதவரை வாங்குபவர் பாடு கொண்டாட்டம். போனில் படம் காட்டிக் கேட்பது வாயால் விளக்குவதைவிட நூறு மடங்கு மேல்.

டிரைவோடு இன்னும் இரண்டு கேட்டு வாங்குங்கள்: கேபிள், கார்டு. டிடிஎஸ், டிஎல்டி என்ற இன்னொரு பழைய வகை, ஆரம்பகால எல்டிஓ எல்லாம் ஸ்கஸி இணைப்பு. பிந்தைய எல்டிஓ சாஸ் இணைப்பு. இன்றைய லேப்டாப்பில் இரண்டுமே இல்லை. ஸ்கஸியிலும் 50 முள், 68 முள் என்று பிரிவு, முடிவில் டெர்மினேட்டர் வேறு. சல்லிசாகக் கிடைத்த டிரைவுக்குக் கேபிள் தேடி டிரைவ் விலையைப்போல இரு மடங்கு அழுதவர்கள் உண்டு.

ஏல வழியும் இருக்கிறது, ஆனால் வாசல் வேறு. பொதுத்துறை நிறுவனங்களின் பழைய கணினிகள் எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் லாட் லாட்டாக விற்பனைக்கு வருகின்றன. பட்டியலில் "கணினி உபகரணங்கள், இதர" என்பது போன்ற வரிக்குள் என்ன ஒளிந்திருக்கும் என்பது நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மின்கழிவு என்று வகைப்படுத்திய லாட்டைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்தான் எடுக்க முடியும். தனி ஆள் கையைத் தூக்க முடியாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் இதை இன்னும் இறுக்கின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் மறுசுழற்சியாளர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் நடக்கிற காரியம். உடைக்கும் மேசைக்குப் போய்விட்டால் பிறகு கெஞ்சிப் பயனில்லை.

ஸ்பூல் நாடா வைத்திருப்பவர்களுக்கு உள்ளூரில் வழி குறைவு. அவர்கள் இபேயில் தேடுவது எச்பி 88780 மாதிரியான டிரைவ்கள். ஸ்பூலை முன்பக்க வாய்க்குள் தள்ளினால், காற்றை உறிஞ்சி நாடாவின் நுனியைத் தானே இழுத்து மாட்டிக்கொள்ளும். ஸ்கஸி இணைப்போடும் கிடைத்தது. பார்க்க அழகான யந்திரம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். கப்பல் கூலி டிரைவ் விலையை விழுங்கிவிடும். அதைவிட முக்கியம், செகண்ட் ஹேண்ட் மின்னணுச் சாமான்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடுகள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு சுங்க ஏஜென்ட்டிடம் கேட்காவிட்டால், டிரைவ் துறைமுகத்திலேயே உட்கார்ந்து வாடகை எகிறும். இரண்டு மூன்று ஸ்பூல் மட்டுமே இருப்பவர், டிரைவை வரவழைப்பதைவிட நாடாவைப் படித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம். எண்ணெய் தேடும் நிறுவனங்களின் பழைய நில அதிர்வு நாடாக்களைப் புது ஊடகத்துக்கு மாற்றும் தொழில் உலகெங்கும் இருக்கிறது. பழைய டிரைவ்களை இன்றும் எண்ணெய் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்களில் பலர் அவர்கள்தான்.

"டெஸ்ட் பண்ணலை, அப்படியே எடுத்துக்கங்க" என்று சொல்லி விற்கும் டிரைவை வாங்கினால் முதலில் மூடியைக் கழற்றுங்கள். கியூஐசி டிரைவில் நாடாவை ஓட்டும் சின்ன ரப்பர் உருளை ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலில் இருபது வருஷம் கிடந்தால் அது வெல்லப்பாகு மாதிரி இளகிவிடும். தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். அதோடு நாடாவை மாட்டினால் நாடா முழுக்கத் தார் பூசியதாகிவிடும். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டை அங்கே பொருத்தி ஓட்டுகிறார்கள். விட்டம் மாறினால் வேகமும் மாறும், ஆகவே அளவுகோல் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பிறகு ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மதிப்பில்லாத ஒரு நாடாவை எழுதி, அதையே திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். அது நாலைந்து முறை பிசகாமல் ஓடினால்தான் அசல் நாடாவைக் கிட்டே கொண்டுபோகலாம்.

மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி, ஈரம். சேர்வராயன் மலை மூட்டம் காப்பிக்கு நல்லது, நாடாவுக்கு எமன். ஆக்ஸைடுத் துகளைப் பட்டையோடு ஒட்டிவைக்கும் பாலியூரித்தேன் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து, நாடா பிசுபிசுக்கும். ஓட்டினால் கிறீச்சிட்டு, பழுப்புப் பூச்சு ஹெட்டில் வழிந்து நிற்கும். பிசுபிசுத்த நாடாவை 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் பல மணிநேரம் சீராகச் சூடேற்றினால் சில நாட்களுக்குப் பசை இறுகும், அந்த அவகாசத்துக்குள் படித்துவிட வேண்டும். இதற்கு ஆம்பெக்ஸ் நிறுவனமே காப்புரிமை வாங்கியிருக்கிறது. வீட்டு ஓவனில் இதைச் செய்யக் கூடாது, அதன் வெப்பம் ஏறி இறங்கும். ஐம்பதுகளின் அசிடேட் நாடாவை எந்த அடுப்பிலும் வைக்கக் கூடாது. பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவ் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஒரு நாடாவின் பூஞ்சை ஹெட் வழியாக அடுத்த நாடாவுக்குத் தொற்றும்.

இவ்வளவு சிரமமும் வேண்டாத ஒரு கூட்டம் உண்டு: எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் மாதிரியான யந்திரங்கள் புரோகிராமைச் சாதாரணப் பாட்டு கேசட்டில் சேமித்தன. அதற்கு டேப் ரிக்கார்டரே டிரைவ். 1984-ல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ வந்து இறங்கிய பள்ளிகளின் பழைய கேசட்டுகளுக்கும் இது பொருந்தும். நல்ல டெக்கில் ஓட்டி, ஒலியை அப்படியே லேப்டாப்பில் பதிவுசெய்து, மென்பொருளால் பிட்டுகளாகப் பிரித்துவிடலாம். டெக்கின் பெல்ட் புதுசாக இருந்தால் போதும். அந்தப் பெல்ட் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

வினோதம் என்னவென்றால், பெரிய நாடாக்களையும் இன்று இதே முறையில்தான் வல்லுநர்கள் படிக்கிறார்கள். 2025-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகச் சாமான் அறையில் பெல் லேப்ஸிலிருந்து வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் நாலாம் பதிப்பு நாடா கிடைத்தது. 1973-ன் அந்தப் பதிப்பு முழுமையாக வேறெங்கும் மிஞ்சியிருக்கவில்லை. அதைக் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போய், ஒன்பது தடத்தின் ஹெட் சைகையையும் பச்சையாகப் பதிவுசெய்து, பிட்டுகளை மென்பொருளால் பிரித்தார்கள். டிரைவின் மின்சுற்று பழுதானாலும் ஹெட்டும் ஓட்டமும் சரியாக இருந்தால் போதும் என்பதால், "டெட்" என்று எழுதி விற்கும் டிரைவுக்கும் இப்போது மரியாதை வந்திருக்கிறது.

எனவே ஏற்காடோ சேலமோ சென்னையோ, அலுவலகத்தையோ பள்ளியையோ காலி செய்யும்போது டேப் டிரைவ் ஒன்று கண்ணில் பட்டால், எடைக்குப் போடுவதற்கு முன் பின்பக்கத் தகட்டின் மாடல் எண்ணைப் படம் எடுங்கள். கேபிளைத் துண்டிக்காமல் டிரைவோடு சுற்றிக் கட்டுங்கள். அதே அறையில் நாடாக்கள் இருந்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் வையுங்கள். அந்த நாடாவை எழுதிய டிரைவைவிட அதை நன்றாகப் படிக்கிற டிரைவ் வேறெங்கும் விலைக்குக் கிடைக்காது.